சிறுவயல் ஆசான்

நுழையும்முன்

ஏட்டில் எழுதிக் கற்பிக்க முடியாத கலைகள் சில உண்டு. ஆசானின் கையைப் பார்த்து, தானும் முயன்று, தவறி, மீண்டும் முயன்றே அவற்றைக் கற்றாக வேண்டும். குறி தவறாமல் எறியும் கலை அவற்றுள் ஒன்று. பாண்டிய நாட்டுச் சீமைகளில் இக்கலை வளரி என்னும் படைக்கலத்தோடு வளர்ந்தது. அதில் தேர்ந்து, தம்மை நாடி வந்த அயல்நாட்டு இளைஞர் ஒருவருக்கும் அதைக் கற்பித்தவர் சின்ன மருது. ஆட்சியாளராகவும் ஆசானாகவும் போராளியாகவும் வாழ்ந்த அவருடைய வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

முக்குளத்துச் சிறுவர்கள்

இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் நரிக்குடிக்கு அருகே உள்ள சிற்றூர் முக்குளம். அவ்வூரைச் சேர்ந்த மொக்கைப் பழனியப்பன் சேர்வைக்கும் பொன்னாத்தாளுக்கும் 1748ஆம் ஆண்டு மூத்த மகனும், 1753ஆம் ஆண்டு இளைய மகனும் பிறந்தனர். இருவருக்கும் மருது என்பதே பெயர். மூத்தவர் பெரிய மருது எனவும் வெள்ளை மருது எனவும் அழைக்கப்பட்டார். இளையவர் சின்ன மருது ஆனார். தந்தை இராமநாதபுரம் சீமையின் படையில் பணியாற்றியவர். ஆதலால் வேலும் வாளும் வளரியும் அச்சிறுவர்களுக்கு வீட்டுப் பொருள்களாகவே இருந்தன.

முக்குளத்தைச் சூழ்ந்த நிலம் வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல் விளையும். நிறையாத ஆண்டில் கால்நடைகளும் காடுமே துணை. கருவேல மரங்களும் முட்புதர்களும் மண்டிய வெளிகளில் முயலும் கௌதாரியும் மானும் திரிந்தன. மந்தையைக் காப்பதும் வேட்டையாடுவதும் ஊர்க்காவலில் நிற்பதும் அப்பகுதி ஆண்மக்களின் அன்றாடக் கடமைகள். இம்மூன்றுக்கும் பயன்பட்ட கருவி வளரியே. எனவே அதைக் கையாளும் பயிற்சி போர்க்களத்தில் தொடங்கவில்லை. மேய்ச்சல் நிலத்தில், சிறு வயதிலேயே தொடங்கியது.

வளரியும் அதன் இயல்பும்

வளரி பிறைபோல் வளைந்த எறிபடை. வளைதடி என்றும் அதற்குப் பெயர் உண்டு. ஒரு முனை கனத்து அகன்றிருக்கும். மறுமுனை பிடிப்பதற்கு ஏற்ப மெலிந்திருக்கும். பெரும்பாலும் வலிய மரத்தால் செய்யப்படும். இரும்பாலும் யானைத் தந்தத்தாலும் செய்யப்பட்டவையும் உண்டு. மெலிந்த முனையைப் பிடித்து, தோளுக்கு மேலே சிலமுறை சுழற்றி, விசை கூடிய நொடியில் விடுவித்தால், அது சுழன்றபடியே காற்றைக் கிழித்துச் செல்லும். தாழப் பறந்து ஓடும் விலங்கின் காலையோ பகைவனின் காலையோ தாக்கி வீழ்த்தும். கொல்லாமல் தடுத்து நிறுத்தவும் அதனால் இயலும். கால்நடையைக் கவர்ந்து ஓடுபவனை உயிரோடு பிடிக்க விரும்பிய ஊர்க்காவலருக்கு இதைவிடத் தகுந்த கருவி வேறில்லை.

ஆஸ்திரேலியத் தொல்குடியினர் பயன்படுத்திய பூமராங் என்னும் வளைதடியோடு வளரியை அறிஞர்கள் ஒப்பிடுவர். எறிந்தவரிடமே திரும்பி வருவது பூமராங்கின் இயல்பு என்னும் எண்ணம் பலரிடம் உண்டு. ஆயின், அத்தொல்குடியினர் வேட்டைக்கு எடுத்துச் சென்ற கனத்த தடிகளும் நேராகச் சென்று தாக்கும் வகையினவே. வளரியும் அத்தகையதே. அது திரும்பி வருவதற்காக எறியப்படுவதன்று. இலக்கைச் சென்று சேர்வதற்காக எறியப்படுவது.

குறி கைகூடும் வழி

வில்லுக்கு நாண் உண்டு. துப்பாக்கிக்குக் குறிமுள் உண்டு. வளரிக்கு அத்தகைய துணை ஏதும் இல்லை. எறிபவரின் கண், தோள், மணிக்கட்டு, ஊன்றிய கால் ஆகியவையே அதன் குறிபார்க்கும் கருவிகள். ஆதலால் இக்கலையைக் கற்பிப்பவருக்கு வலிமையைவிடப் பொறுமையே மிகுதியாக வேண்டும்.

முதலில் கற்பவர் தம் தடியின் எடையை அறிய வேண்டும். மரத்தில் செதுக்கப்படும் தடிகளில் எந்த இரண்டும் எடையில் முற்றும் ஒத்திருப்பதில்லை. சிறுவரின் கைக்குப் பெரியவரின் வளரி பொருந்தாது. தம் வலிமைக்கு ஏற்ற தடியிலேயே அவர் பழக வேண்டும். அடுத்தது சுழற்றும் முறை. விசையைக் கூட்டும் ஆசையில் மிகைபடச் சுழற்றினால் தோள் தளரும். குறைவாகச் சுழற்றினால் தடி பாதி வழியிலேயே விழும். மூன்றாவது விடுவிக்கும் நொடி. கண்ணிமைப் பொழுது முந்தினாலும் பிந்தினாலும் வளரி இலக்கின் இடமோ வலமோ விலகிச் செல்லும். இந்நொடியைச் சொல்லால் விளக்க இயலாது. ஆசான் எறிந்து காட்டலாம். மாணவர் எறியும்போது அவருடைய கால் நிலையையும் தோளின் சாய்வையும் கவனித்துத் திருத்தலாம். விடுவிக்கும் நொடியை மாணவரின் கையே உணர்ந்தாக வேண்டும்.

நிலையான இலக்கில் கை படிந்த பின்னரே அசையும் இலக்கு. ஓடும் முயலை அது இருக்கும் இடத்தில் எறிந்தால் தடி அதன் பின்னே விழும். அது வந்து சேரப்போகும் இடத்தை நோக்கி எறிய வேண்டும். ஆகவே விலங்கின் நடையையும் நிலத்தின் மேடுபள்ளத்தையும் அறிவதும் பாடத்தின் ஒரு பகுதி ஆயிற்று.

வளரி திரும்பி வாராப் படை என்பதால், ஒவ்வோர் எறிக்குப் பின்னும் மாணவர் நடந்து சென்று அதை எடுத்துவர வேண்டும். அந்நடையும் ஒரு பயிற்சியே. எவ்வளவு தொலைவு சென்றது, எப்பக்கம் விலகியது என்பதைக் கால்களே அளந்து சொல்லும். ஓர் எறிக்கும் மறு எறிக்கும் இடையே தம் பிழையை எண்ணிப் பார்க்கவும் அவகாசம் கிடைக்கும்.

இக்கலை ஆண்மக்களுக்கு மட்டும் உரியதாகவும் இருக்கவில்லை. இராமநாதபுரம் சேதுபதியின் மகளாகிய வேலு நாச்சியார், சிறுமியாக இருந்தபோதே சிலம்பம், வாள்வீச்சு, குதிரையேற்றம் ஆகியவற்றோடு வளரி எறியவும் கற்றார். ஒரு சீமையை இழந்து மீட்ட பேரரசியின் வாழ்வுக்கு அப்பயிற்சி அடித்தளம் ஆயிற்று. அவருடைய வாழ்வே மருது சகோதரர்களின் வாழ்வையும் தீர்மானித்தது.

இழந்த சீமையும் மீட்ட சீமையும்

சிவகங்கைச் சீமையை ஆண்ட முத்துவடுகநாதர், வேலு நாச்சியாரின் கணவர். அவருடைய பணியில் மருது சகோதரர்கள் சேர்ந்தனர். தம் வீரத்தாலும் நேர்மையாலும் அரசரின் நம்பிக்கைக்கு உரியவர்கள் ஆயினர். 1772ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள், ஆற்காட்டு நவாபின் படையும் கிழக்கிந்தியக் கும்பெனியின் படையும் இணைந்து காளையார்கோவிலைத் தாக்கின. ஜோசப் ஸ்மித், பான்ஜோர் ஆகிய தளபதிகள் நடத்திய அத்தாக்குதலில் முத்துவடுகநாதர் வீழ்ந்தார். சீமை நவாபின் கைக்குச் சென்றது.

வேலு நாச்சியாரும் அவருடைய மகள் வெள்ளச்சியும் திண்டுக்கல் பகுதியில் உள்ள விருப்பாட்சிக்குச் சென்று, பாளையக்காரர் கோபால நாயக்கரின் பாதுகாப்பில் தங்கினர். முதிய பிரதானியாகிய தாண்டவராயரும் மருது சகோதரர்களும் உடன் சென்றனர். எட்டு ஆண்டுகள் கழிந்தன. படை திரட்டுவதும், சிதறிய மக்களை ஒன்றுசேர்ப்பதும், மைசூரின் ஐதர் அலியிடம் உதவி பெறுவதுமாக அக்காலம் சென்றது. 1780ஆம் ஆண்டு வேலு நாச்சியார் சிவகங்கையை மீட்டார். போரை முன்னின்று நடத்திய மருது சகோதரர்களிடம் சீமையின் பொறுப்புகளை ஒப்படைத்தார். பின்னாளில் ஆட்சிச் சுமை முழுவதும் சின்ன மருதுவின் தோளிலேயே தங்கியது.

அண்ணன் தம்பி இருவரும் இயல்பில் வேறுபட்டவர்கள். பேருடலும் பெருவலிமையும் வாய்ந்த பெரிய மருது ஆட்சிப் பணியில் நாட்டம் கொள்ளவில்லை. காடும் வேட்டையுமே அவருடைய உலகம். ஆற்காட்டு வெள்ளி நாணயத்தை விரல்களாலேயே வளைத்துவிடுவார் என்று மக்கள் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டனர். சின்ன மருதுவோ ஆட்சி நுணுக்கம் அறிந்தவர். கண்மாய்களையும் கோவில்களையும் பேணினார். காளையார்கோவிலின் உயர்ந்த இராசகோபுரமும், குன்றக்குடியில் நடைபெற்ற திருப்பணிகளும் மருது சகோதரர்களின் ஆட்சிக்குச் சான்றாக நிற்கின்றன.

காவலற்ற அரண்மனை

சின்ன மருது வாழ்ந்த ஊர் சிறுவயல். 1795ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இளம் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் அவ்வூர் வழியாகச் சென்றார். அவர் பெயர் ஜேம்ஸ் வெல்ஷ். 1775ஆம் ஆண்டு பிறந்த அவருக்கு அப்போது இருபது வயதும் முழுமையாக நிரம்பவில்லை. கும்பெனிப் படையில் சேர்ந்து, மதுரைக் கோட்டையில் பணியாற்றிக்கொண்டிருந்தார்.

சிறுவயலில் கண்ட காட்சி வெல்ஷை வியப்பில் ஆழ்த்தியது. ஒரு சொல்லால், ஏன், ஒரு தலையசைப்பால் நாட்டையே இயக்கக்கூடிய தலைவரின் மாளிகையில் ஒரு காவலர்கூட இல்லை. விரும்பியவர்கள் உள்ளே வந்தனர். விரும்பியபோது வெளியே சென்றனர். வந்தவர் அனைவரும் அவரைத் தம் மக்களின் தந்தையாகக் கருதி வாழ்த்தினர். கரிய நிறமும் பருத்த உடலும் அழகிய தோற்றமும் பெருமிதமும் இனிய பண்பும் ஒருங்கே அமைந்தவர் சின்ன மருது என்று வெல்ஷ் பின்னாளில் பதிவு செய்தார்.

மதுரையிலிருந்து வந்த மாணவர்

வழிப்போக்கராகச் சென்ற வெல்ஷ் நண்பராகத் திரும்பினார். அக்காலத்து மதுரை, இன்றைய வெளி வீதிகளை ஒட்டி நின்ற கோட்டைச் சுவர்களுக்குள் அடங்கிய நகரம். கோட்டைக்கு வெளியே, இன்று திருநகர் முதலான குடியிருப்புகள் பரந்துள்ள தென்மேற்குப் பகுதி வரையிலும் வயல்களும் கண்மாய்களும் வெட்டவெளிகளுமே இருந்தன. அக்கோட்டையில் வெல்ஷ் தங்கியிருந்த காலம் முழுவதும் சின்ன மருது அவருக்கு உயர்ந்த அரிசியும் பழங்களும் அனுப்பிவந்தார். சொரசொரப்பான தோலுடைய பெரிய ஆரஞ்சுப் பழம் ஒன்றின் இனிமையை வெல்ஷ் நெடுங்காலம் மறக்கவில்லை. இந்தியாவின் வேறெப்பகுதியிலும் அத்தகைய பழத்தைத் தாம் கண்டதில்லை என்றே எழுதினார்.

அரிசியையும் பழத்தையும்விடப் பெரிய கொடை ஒன்றும் அவருக்குக் கிடைத்தது. வேல் எறியவும் வளரி வீசவும் வெல்ஷுக்கு முதன்முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுவே. ஒரு சீமையின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்த, நாற்பது வயது கடந்த தலைவர், மேய்ச்சல் நிலத்துச் சிறுவர் கற்கும் பாடத்தை ஓர் அயல்நாட்டு இளைஞருக்குத் தொடக்கத்திலிருந்து கற்பித்தார். துப்பாக்கியில் பழகிய கை, குறிமுள் இல்லாத படைக்கலத்தைப் புதிதாகப் பற்றியது. இக்கலையில் வயதோ பதவியோ துணைசெய்வதில்லை. புதிதாகக் கற்பவர் எவராயினும் அவர் சிறுவரே.

தேர்ந்தவர் கையில் வளரி நூறு கெஜத் தொலைவுக்குள் எவ்விடத்தையும் தவறாமல் சென்று தாக்கும் என்று வெல்ஷ் எழுதினார். கேட்டறிந்த செய்தியாக மட்டுமன்றி, அந்தத் தடியைக் கையில் ஏந்திப் பயின்றவரின் கூற்றாக அமைவதே அதன் சிறப்பு.

இங்கே மற்றொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, பாளையக்காரர்களிடம் திறை பெறும் உரிமையை நவாபிடமிருந்து கும்பெனி பெற்றிருந்தது. கும்பெனியின் கை நீள்வதைச் சின்ன மருது அறியாதவர் அல்லர். முத்துவடுகநாதரை வீழ்த்திய படையின் சீருடையையே அந்த இளைஞரும் அணிந்திருந்தார். ஆயினும் தம் வாயிலுக்கு வந்தவரை முதலில் விருந்தினராகவும் பின்னர் மாணவராகவும் சின்ன மருது நோக்கினார். காவலற்ற அரண்மனையைப் போலவே அவருடைய கலையும் திறந்த வாயிலாக இருந்தது.

எதிர் நின்ற களம்

1801ஆம் ஆண்டு பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். மே மாதம் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை வீழ்ந்தபின் அவர் சிறுவயலை வந்தடைந்தார். அவருக்கு அடைக்கலம் தந்தால் கும்பெனியின் பகை உறுதி. சின்ன மருது அடைக்கலம் தந்தார்.

1801ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் திருச்சிராப்பள்ளிக் கோட்டை வாயிலிலும் திருவரங்கம் கோவில் மதிலிலும் சின்ன மருதுவின் அறிக்கை ஒட்டப்பட்டது. ஜம்புத் தீவு அறிக்கை என்று அதனை வரலாறு குறிக்கிறது. சாதி சமய வேறுபாடின்றி இந்நாட்டு மக்கள் அனைவரும் ஒன்றுபட்டு ஐரோப்பியரின் ஆதிக்கத்தை எதிர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். தம் சீமையின் எல்லைக்கு அப்பால் நாடு முழுவதையும் எண்ணி எழுதப்பட்டது என்பதே அதன் தனிப்பெருமை.

கர்னல் அக்னியூவின் தலைமையில் கும்பெனிப் படை சிவகங்கைச் சீமைக்குள் நுழைந்தது. அப்படையில் ஜேம்ஸ் வெல்ஷும் இருந்தார். தம் ஊர் பகைவருக்குப் பயன்படக் கூடாது எனக் கருதிய போராளிகள் சிறுவயலுக்குத் தாங்களே தீ வைத்து வெளியேறினர். வெல்ஷ் விருந்துண்ட ஊர் சாம்பலாயிற்று. அங்கிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை அமைக்கக் கும்பெனிப் படை ஆகஸ்டு மாதம் முழுவதும் முயன்றது. போராளிகளின் தொடர் தாக்குதலால் அம்முயற்சியைக் கைவிட்டது. பின்னர் கும்பெனி சூழ்ச்சியால் சீமையைப் பிளந்தது. படமாத்தூர் கௌரி வல்லபரைச் சிவகங்கையின் ஆட்சிக்கு உரியவராக அறிவித்து, மருது சகோதரர்களின் ஆதரவாளர் பலரைப் பிரித்தது. அக்டோபர் தொடக்கத்தில் காளையார்கோவில் வீழ்ந்தது.

காட்டில் வேட்டையாடப்பட்ட சின்ன மருது, தொடையெலும்பு முறிந்த நிலையில் சிறைப்பட்டார். 1801ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் மருது சகோதரர்களும் அவர்தம் உறவினர்களும் தோழர்களும் தூக்கிலிடப்பட்டனர். தமக்கு வேலும் வளரியும் கற்பித்த ஆசான் தூக்குமரத்தில் தொங்குவதை மாணவர் தம் கண்களால் கண்டார். தம் நண்பரைக் காட்டு விலங்கைப் போல் துரத்தவும், காயமுற்றுச் சிறையில் துன்புறுவதைக் காணவும், இறுதியில் தூக்குமரத்தில் பார்க்கவும் தமக்கு விதி நேர்ந்ததே என்று அவர் வருந்தி எழுதினார்.

கடல் கடந்த மகன்

சின்ன மருதுவின் இளைய மகன் துரைசாமிக்கு அப்போது ஏறத்தாழப் பதினைந்து வயது. தூக்கிலிருந்து தப்பிய அவரும் போராளிகள் பலரும் 1802ஆம் ஆண்டு தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றப்பட்டுப் பினாங்குத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டனர். 1818ஆம் ஆண்டு பினாங்குக்குச் சென்ற வெல்ஷ், தளர்ந்து உருமாறிய மனிதர் ஒருவரைச் சந்தித்தார். யார் என்று தெரியவில்லை. அவர் தம் பெயரைச் சொன்ன பிறகே, சிறுவயலின் மகன் என்பது விளங்கியது. முப்பது வயதைச் சற்றே கடந்தவரை நாடுகடத்தல் முதியவராக மாற்றியிருந்தது.

அறுந்த தொடர்ச்சி

1801ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள் சென்னை மாகாண ஆளுநர் எட்வர்டு கிளைவ், தென்பாளையங்களின் மக்கள் படைக்கலம் வைத்திருப்பதைத் தடைசெய்து ஆணை பிறப்பித்தார். கோட்டைகள் இடிக்கப்பட்டன; படைக்கலங்கள் ஒப்படைக்கப்பட்டன. கோட்டை இடிந்தால் மீண்டும் கட்டலாம். ஒரு தலைமுறை தன் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதை நிறுத்திவிட்டால் கைப்பழக்கத்தில் வாழும் கலையை மீட்பது அரிது. வளரிக்கு நேர்ந்தது அதுவே. போர்க்களத்திலிருந்து மறைந்த வளரி, வேட்டையிலும் திருமணச் சடங்கிலும் கோவில் வழிபாட்டிலும் மட்டுமே எஞ்சியது. பின்னர் அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழைக்குள் சென்றது.

இந்நிலையில், வளரியின் ஆற்றலை அளவோடு கூறும் சான்றாக நமக்குக் கிடைப்பது 1830ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்த வெல்ஷின் நினைவுக் குறிப்புகள். வென்ற படையைச் சேர்ந்தவர் எழுதிய நூல் அது. எனினும் தோற்றவரின் பெருந்தன்மையையும் மக்கள் அன்பையும் எறிதிறனையும் அது மறைக்கவில்லை. கும்பெனியின் ஆவணங்கள் கலகக்காரர் என்று மட்டுமே குறித்த ஒருவரை, அவரிடம் பயின்றவர் மனிதராகவும் ஆசானாகவும் காட்டினார். பொறுமையோடு கற்பித்த சில நாள்களின் பயன் அது.

காளையார்கோவிலில் மருது சகோதரர்களின் நினைவிடம் உள்ளது. 2004ஆம் ஆண்டு இந்திய அஞ்சல்துறை அவர்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. சின்ன மருதுவை விடுதலைப் போராளியாக நாடு போற்றுகிறது. தம்மிடம் இருந்த கலையை நாடி வந்தவருக்கு மறைக்காமல் கற்பித்த ஆசான் என்பதும் அவருடைய பெருமையின் பகுதியாகும். இன்று சிலம்பக் கூடங்கள் சிலவற்றில் வளரி மீண்டும் சிறுவர் சிறுமியரின் கைகளுக்கு வந்துகொண்டிருக்கிறது. அவர்களும் எறிகிறார்கள், தவறவிடுகிறார்கள், நடந்து சென்று எடுத்துவந்து மீண்டும் எறிகிறார்கள்.

தெரிந்து தெளிவோம்

தஞ்சை அரண்மனைப் படைக்கலக் கொட்டிலிலிருந்து பெறப்பட்ட தந்த வளரிகளும் மர வளரியும் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் சேர்க்கப்பட்டன. அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அவற்றைப் பற்றி எழுதியுள்ளார். மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளில் திருமணத்தின்போது மணமக்கள் வீட்டார் வளரியை மாற்றிக்கொள்ளும் வழக்கம் இருந்தது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் ஏட்டில் எழுதப்படாமல் கைப்பழக்கமாகவே கற்பிக்கப்படும் கலை அல்லது தொழில் ஒன்றை அறிந்து, அதைக் கற்பிக்கும் முறையைக் கட்டுரையாக எழுதுக.

2. சின்ன மருது வெல்ஷுக்கு வளரி கற்பித்தது சரியா என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. மருது சகோதரர்களின் வாழ்வோடு தொடர்புடைய ஊர்களை வரைபடத்தில் குறித்து, ஒவ்வொன்றின் சிறப்பையும் இரண்டு தொடர்களில் எழுதுக.